ஒரே பையில் இரண்டு ஆரஞ்சு தந்த பாட்டிக்கு

பெயர் தெரியாத பாட்டி, இது உங்கள் கண்ணில் படப்போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். தனியாகவே நடப்பேன் என்று வீம்பாகத்தான் கிளம்பினேன். 12ஆம் கோயிலான ஷோசான்ஜிக்கு ஏறும் மலைப்பாதையிலேயே வீம்பு பாதி கழன்றுவிட்டது. இறங்கும்போது குதிகால் கொப்புளம் உடைந்து, உங்கள் வீட்டுத் திண்ணை மாதிரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. வெந்நீர், பிளாஸ்திரி, ஒரு சோற்று உருண்டை. நான் பர்ஸை எடுத்ததும் கையை ஆட்டிச் சிரித்தீர்கள். இதற்குப் பெயர் ‘ஒசெத்தாய்’, யாத்ரீகர் மறுக்கக் கூடாது, பெயர்ச்சீட்டு ஒன்றைத் தந்தால் போதும் என்று விளக்கியவர், அப்போது அங்கு வந்து நின்ற ஒசாகாக்காரர். அவரும் யாத்ரீகர்தான். நாங்கள் சேர்ந்து வந்தவர்கள் என்று நினைத்து இரண்டு ஆரஞ்சை ஒரே பையில் போட்டுக் கொடுத்தீர்கள். பிரிக்க வழியில்லாமல்தான் சேர்ந்து நடந்தோம். (சரி, வழி இருந்தது. இருவருமே தேடவில்லை.)

எனக்கு வாங்கிக்கொள்ளவே தெரியாது. அம்மா தரும் காபிக்கே “எதுக்கும்மா?” என்பேன். அது பணிவு இல்லை, திமிர் என்று உங்கள் வாசலில்தான் புரிந்தது.

யாத்ரீகர்களின் வெள்ளை உடுப்பில் ‘இருவராக நடக்கிறோம்’ என்று எழுதியிருக்கும். கூட வருபவர் அந்தக் காலத்துப் பௌத்தத் துறவி கோபோ தைஷி என்பது நம்பிக்கை. எங்கள் கணக்கில் மூன்று பேர்.

போன மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். உங்களிடம் தந்த சீட்டில் பெயரைத் தமிழில் எழுதியிருந்தேன், படித்திருக்க முடியாது. நன்றி பாட்டி. ஆரஞ்சு மட்டும் கொஞ்சம் புளிப்பு.