உடற்கல்வி ஆசிரியர்களுக்கு: பூட்டிய பீரோவும் ஒரு இன்ஹேலரும்

வணக்கம்.

என் மகளுக்கு ஆஸ்துமா. போன மாதம் ஓட்டப் பயிற்சி முடிந்து ஐந்து நிமிடம் கழித்து இழுப்பு வந்தது. ஓடும்போது நன்றாக இருந்தவள், நின்ற பிறகு இருமினாள். இது பலருக்கும் இப்படித்தான் வரும். ஆனால் மைதானத்தில் இருந்தவர்கள் அதை நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். இன்ஹேலரோ அலுவலக பீரோவில். சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் காதுவரை ஏறியது, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கியது. "அம்மா" என்பதையே இரண்டு மூச்சில் சொன்னாள். பிள்ளையால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லையா, அது நடிப்பில்லை.

"மூச்சில் வந்த விசில் சத்தம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டாள்" என்றார் ஒருவர். எனக்குக் குலை நடுங்கியது. காற்றே போகாதபோதும் சத்தம் நிற்கும். சத்தம் அடங்கியும் பிள்ளை திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், சோர்ந்து கண் சொருகினால் அந்த நொடியே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை (பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்) குலுக்கி, ஸ்பேசரில், அதாவது மருந்தைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் குடுவையில், பொருத்தி ஒரு பஃப் (ஒரு அழுத்து) அடியுங்கள். பிள்ளை அதிலேயே நான்கு முறை மூச்சை இழுத்து விடட்டும். இப்படி நான்கு பஃப். நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லையென்றால் இன்னொரு நான்கு. அப்போதும் குறையாவிட்டால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை அதையே தொடருங்கள். மருந்து அதிகமாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அப்புறம் அடங்கிவிடும். தினமும் காலையும் மாலையும் எடுக்கும் ஸ்டீராய்டு மட்டும் உள்ள தடுப்பு இன்ஹேலர் அந்த நேரத்துக்கு உதவாது. இரண்டையும் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரும் ஸ்பேசரும் மைதானத்துக்கு வரட்டும். பந்து, விசிலோடு அதே பையில் வைத்தால் போதும். அவளை ஓட விடாமல் ஓரமாக உட்கார வைத்துவிடாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா