கடல் படத்துக்கு ஊர் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் சுவரில் கடற்கரைப் படங்கள் மாட்டுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தை வரி விடாமல் படித்தேன். நாகர்கோவிலில் பிரேம் கடை வைத்திருக்கிறேன், அதனால்தான். போட்டிருந்த படங்கள் எல்லாமே பச்சை நீலத் தண்ணீர், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. எந்த ஊர் என்று ஒன்றின் கீழும் இல்லை.

கடைக்கு வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அப்பா காலத்தில் சிவகாசி சாமி படங்களுக்குச் சட்டம் போட்டோம். இன்று புதுவீட்டு ஹாலுக்கு மூன்றடியில் கடல். எனக்கு வியாபாரம், குறை சொல்ல முடியாது. ஆனாலும் குளச்சலில் வீடு கட்டியவர் மாலத்தீவைக் கொண்டுவந்து நீட்டும்போது என்னவோ போலிருக்கிறது.

சமீபத்தில் ஒருவர் முட்டத்தில் எடுத்த படம் கொண்டுவந்தார். பாறை, அந்தி வெளிச்சம், கரையேற்றிய வள்ளம், வலை பிரிக்கும் ஆட்கள். "அண்ணாச்சி, வள்ளத்தையும் ஆளுகளையும் மட்டும் அழிச்சுத் தாங்க" என்றார். கம்ப்யூட்டரில் அது பெரிய வேலையில்லை. அழித்துவிட்டால் எங்கோ ஒரு பாறைதான் மிஞ்சும், முட்டம் இருக்காது என்றேன். படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடல் படத்துக்கு ஊரும் மாதமும் தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஜூன், ஜூலை இங்கே மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கடலோ ஆனி, ஆடியில் கரையை அறுத்துக்கொண்டிருக்கும். அதே இடத்தை ஜனவரியில் எடுத்தால் வேறு கடல். கன்னியாகுமரியில் டிசம்பரில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். மே மாதத்தில் அது வடமேற்கே ஒதுங்கி, கரைப் பக்கமாகப் போய் மறைந்துவிடும். மெரினாவில் கடலுக்கு மேல் சூரியன் நிற்கும் படத்தை 'அஸ்தமனம்' என்று எழுதி விற்பதையும் பார்த்திருக்கிறேன். கிழக்குக் கரையில் அது காலைச் சூரியன் அல்லவா! 1964 டிசம்பர் புயலில் இடிந்த தனுஷ்கோடி தேவாலயத்தை 'பழங்காலக் கோட்டை' என்று நினைத்து மாட்டியிருக்கிற வீடும் எனக்குத் தெரியும்.

தொழில்காரனாக ஒன்றிரண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் அலையெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். 24 மெகாபிக்சல் கேமராப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 20 அங்குல அகலம் வரும். ஹாலில் தள்ளி நின்று பார்ப்பதற்கு மூன்றடி வரை கூடத் தாங்கும். ஆனால் ரெடிமேட் சட்டம் 16-க்கு 20 என்று வாங்கிவிட்டு அதற்குள் அடக்கச் சொன்னால், அகலத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டித்தான் ஆக வேண்டும். மணப்பாட்டுப் படத்தில் அப்படி வெட்டுப்படுவது பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும் கோயிலாகத்தான் இருக்கும். படத்துக்குச் சட்டம் செய்யுங்கள். கடலோர வீடென்றால் கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், ஈரக்காற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. ஆணி பித்தளையில் இருக்கட்டும்.

அடுத்த முறை இப்படியொரு பக்கம் போடும்போது 1581-இல் கட்டிய மணப்பாடு திருச்சிலுவை ஆலயமும் அதன் மணல்மேடும், தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டை, பிச்சாவரம், கோடியக்கரை இவற்றில் சிலவாவது வரட்டும். கீழே ஊர், மாதம், எடுத்தவர் பெயர் மூன்றையும் அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கடையில் ஒட்டிவைத்துக்கொள்கிறேன், வருகிறவர்களிடம் காட்ட.

இப்படிக்கு,
ஒரு பிரேம் கடைக்காரர்,
நாகர்கோவில்.