திரும்பி வந்தவனிடம் தொழிலையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு வேலை பற்றிய செய்தி உங்கள் பேப்பரில் வராத வாரமே கிடையாது. எந்த நாட்டில் என்ன ஆள் தேவை, எந்த ஏஜெண்ட் எத்தனை பேரை ஏமாற்றினான், விசாவுக்கு என்ன புது விதி, எல்லாம் வருகிறது, நல்லதுதான். ஆனால் திரும்பி வருகிறவன் உங்கள் பக்கங்களில் தலைகாட்டுவது இரண்டே சமயத்தில்: திருச்சி ஏர்போர்ட்டில் தங்கத்தோடு பிடிபட்டால், இல்லையென்றால் பெட்டிக்குள் உடலாக வந்தால். இரண்டும் இல்லாமல் ஃபைனல் எக்ஸிட், அதாவது ஒரேயடியாகத் திரும்புகிற விசா, அடித்து, கணக்கு முடித்து, கை காலோடு வந்து இறங்கி இனி ஊரிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவன் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் இருந்தால் முழுதாகப் போடுங்கள்.

எனக்குப் பட்டுக்கோட்டை வட்டம். சவூதியில், ஜுபைலில், இருபது வருடத்துக்குப் பக்கம் ஸ்கஃபோல்டிங் வேலை, அதாவது சாரம் கட்டுகிற வேலை. ஹெல்பராகப் போய், ஸ்கஃபோல்டர் ஆகி, கடைசி வருடங்களில் மற்றவர்கள் கட்டியதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டராக இருந்தேன். ஜுபைல் என்றால் எங்கு பார்த்தாலும் பெட்ரோகெமிக்கல் ஆலை, பைப், டேங்க், டவர். ஷட்டவுன் என்று சில வாரம் ஆலையை நிறுத்தி மராமத்து பார்ப்பார்கள், அப்போது வெல்டர், ஃபிட்டர், பெயிண்டர் என்று யார் மேலே போக வேண்டுமானாலும் அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் பைப்பும் கிளாம்பும் தூக்கிக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். கட்டி முடித்ததும் ஏறுகிற இடத்தில் ஒரு டேக் தொங்கும். பச்சை என்றால் ஏறலாம். மஞ்சள் என்றால் என்ன குறை என்று அதிலேயே எழுதியிருக்கும், பெல்ட் மாட்டிக்கொண்டு அதற்குத் தகுந்த மாதிரி வேலை பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் மேனேஜரே வந்து நின்றாலும் ஏறக்கூடாது. அந்தப் பச்சை டேக்கில் இருந்தது என் கையெழுத்து. அடியில் பலகை சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கைப்பிடிக் கம்பி இரண்டு வரிசையும் இருக்கிறதா, ஸ்பேனர் கால் பட்டுக் கீழே விழாமல் ஓரத்தில் பலகை அடித்திருக்கிறதா, எவ்வளவு பாரம் தாங்கும், எல்லாம் பார்த்துத்தான் போட முடியும். பலத்த காற்று அடித்தாலோ யாராவது ஒரு கிளாம்பைக் கழற்றி மாற்றினாலோ மறுபடி முதலிலிருந்து சோதனை.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், ஊருக்கு வந்த பிறகு இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வந்தவுடன் கேட்பது "எத்தனை மாசம் லீவு?" லீவு இல்லை, முடித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றால் முகம் ஒரு மாதிரி ஆகி "கம்பெனியில ஏதும் பிரச்சினையா?" அதுவும் இல்லை என்றால் குரலைத் தாழ்த்தி "சர்வீஸ் பணம் எவ்வளவு வந்துச்சு?" சவூதிச் சட்டப்படி முதல் 5 வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடம் ஒரு மாதச் சம்பளம் என்பது எங்கள் ஊர் டீக்கடைக்கே தெரிந்த கணக்கு, மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அப்புறம் யோசனைகள் வரும். மந்திக் கடை, அதாவது அரபு சாப்பாட்டுக் கடை, போடுங்கள் அண்ணே, மனை வாங்கிப் போடுங்கள் அண்ணே, ஆட்டுப் பண்ணை, வாட்டர் கேன், செல்போன் கடை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மந்தி, அல்ஃபாம் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை, வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் போட்டவை அதில் நிறைய. ஷட்டர் இறங்கி போர்டு மட்டும் மிச்சமிருக்கிற கடைகளையும் போகிற வழியில் பார்க்கிறேன். இருபது வருடம் கிரேன் ஓட்டியவனுக்கு பிரியாணி அரிசி விலை எப்படித் தெரியும்? தெரியாத தொழிலில் போட்டுத் தொலைக்கத்தான் எல்லாரும் வழி சொல்கிறார்கள், தெரிந்த தொழிலுக்கு ஒருவரும் வழி சொல்லவில்லை.

வேலை தேடாமலும் இல்லை. டவுனில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, வெளிப்பூச்சுக்கு சவுக்குக் கட்டையில் சாரம் கட்டியிருந்தார்கள். சவுக்கும் கயிறும் மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை, நம் ஆட்கள் போடுகிற முடிச்சு பிரமாதமான முடிச்சு. ஆனால் ஒரு இடத்தில் கட்டை வெடித்திருந்தது, நிற்பதற்கு ஒற்றைப் பலகை, பெல்ட் கிடையாது, காலில் ரப்பர் செருப்பு. மேஸ்திரியிடம் தன்மையாகத்தான் சொன்னேன், நான் இன்ன வேலை பார்த்தவன், வேண்டுமானால் வந்து சரிபண்ணித் தருகிறேன், கூலி பற்றிப் பிறகு பேசலாம் என்று. அவர் சிரித்துவிட்டு, "சவூதியில எண்ணெய் வருது, அதுக்கு பெல்ட் போடுவாங்க, இங்க சதுர அடிக்கு ரேட் பேசியிருக்கு" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, ரேட் அப்படித்தான் பேசப்படுகிறது, சாரத்துக்கென்று தனியாக யாரும் காசு தருவதில்லை.

சென்னைப் பக்கம் ஒரு பெரிய கட்டுமான கம்பெனிக்கும் போனேன். அங்கே பைப், கப்லாக் என்கிற இரும்புச் சாரம் எல்லாம் நான் பழகியதுதான், பார்த்ததும் கை பரபரத்தது. உள்ளே கேட்ட முதல் கேள்வி இந்தியாவில் என்ன அனுபவம், இரண்டாவது பி.எஃப். நம்பர் உண்டா, மூன்றாவது வயது. ஜுபைல் கம்பெனி கொடுத்த சர்வீஸ் சர்டிபிகேட்டை நீட்டினேன், இங்கிலீஷும் அரபியுமாக இருக்கும். புரட்டிப் பார்த்துவிட்டு, இதை நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது என்றார் அந்தத் தம்பி. நியாயமான கேள்வி, அவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். கடைசியில் ஹெல்பராக வேண்டுமானால் வரலாம் என்றார்கள், எந்த இடத்தில் தொடங்கினேனோ அங்கேயே.

சவூதியை நான் தூக்கி வைத்துப் பேசவில்லை. பாஸ்போர்ட்டைக் கம்பெனியே பூட்டி வைத்திருந்த காலமும், சம்பளம் மாதக்கணக்கில் நின்று போன காலமும் பார்த்தவன்தான். ஆனால் அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது, விசில் அடித்தால் இறங்க வேண்டியதுதான். இங்கே கத்திரி வெயிலில் மதியம் 1 மணிக்கு சென்ட்ரிங் ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாரம் சரிந்து தொழிலாளி பலி என்று உங்கள் பேப்பரில் ஓரமாக நாலு வரி வருகிறதே, அந்த நாலு வரியை வராமல் செய்யத்தான் எனக்கு அங்கே சம்பளம் கொடுத்தார்கள்.

இதில் எனக்கு எரிச்சலே வருவது ஒன்றுதான். இப்போது சவூதிக்குப் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்டு அரசு நம் ஊரிலேயே சென்டர் வைத்துத் தேர்வு நடத்துகிறது, பாஸானால்தான் விசா. அதாவது நம் ஆளுக்கு என்ன தெரியும் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அதே ஆள் கற்றதையெல்லாம் கற்றுக்கொண்டு திரும்பி வரும்போது, உனக்கு என்ன தெரியும் என்று கேட்க இங்கே ஒரு மேஜை கிடையாது. வெளிநாடுகளில் இருக்கிற தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் என்று 2015ல் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. அனுப்புகிற பணத்துக்கும் கணக்கு இருக்கிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வெளிநாடு வாழ் தமிழர் நலனுக்கென்று 2011ல் சட்டம் வந்தது, இப்போது தனி நல வாரியம் இருக்கிறது, ஜனவரி 12 அயலகத் தமிழர் நாள் என்று விழாவும் நடக்கிறது. கொரோனாவில் வேலை போய் வந்தவர்களுக்கு மானியத்தோடு தொழில் கடனும் அறிவித்தார்கள். கேரளாவில் வெளிநாட்டு மலையாளிகளுக்கான அரசுத் துறையான நோர்க்கா 1996லேயே தொடங்கியது, அங்கே திரும்பி வந்தவர்களுக்கு 30 லட்சம் வரைக்குமான தொழிலுக்குக் கடன், அதில் 15 சதவீத மானியம். ஆனால் பாருங்கள், எங்கே போனாலும் கடன்தான், எல்லாரையும் முதலாளி ஆக்கத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கடை வேண்டாம். வேலை தெரியும், வேலை கொடுங்கள் என்கிறேன். கேரளாவிலேயே இன்னொரு திட்டம் இருக்கிறது, திரும்பி வந்தவரை வேலைக்கு வைத்துக்கொள்கிற நிறுவனத்துக்கு வருடத்தில் 100 நாள் வரை சம்பளத்தில் ஒரு பங்கை நோர்க்கா கொடுக்கிறது. இதுதான் எனக்கு உருப்படியான யோசனையாகப் படுகிறது.

நம் ஊரில் காசு இல்லை என்றும் சொல்ல முடியாது. கட்டடம் கட்டுகிறவர்களிடம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல வரியாக வாங்குகிறார்கள். அதில் கொஞ்சம் எடுத்து, மாவட்டத்துக்கு ஒரு ஐ.டி.ஐ.யில் திரும்பி வந்தவர்களுக்குச் செய்முறைத் தேர்வு வையுங்கள். சாரம் கட்டச் சொல்லுங்கள், வெல்டிங் அடிக்கச் சொல்லுங்கள், கிரேனில் ஏற்றி உட்கார வையுங்கள், தேறினால் அரசு முத்திரையோடு ஒரு அட்டை கொடுங்கள். முன் அனுபவத்தை அங்கீகரிக்கிற ஆர்.பி.எல். என்ற முறை மத்திய அரசின் திறன் திட்டத்தில் ஏற்கெனவே இருப்பதுதான். 2020ல் கொரோனா சமயம் அரசு விட்ட வந்தே பாரத் விமானங்களில் வந்தவர்களுக்காக ஸ்வதேஸ் என்று ஒரு படிவம் போட்டு, என்ன தொழில், எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை கொரோனா இல்லாத காலத்திலும் கேட்கலாமே. அப்படித் தேறியவர்களையே உள்ளூர் சாரம் கட்டுகிற பையன்களுக்கு வாத்தியாராகப் போட்டால் அந்த மேஸ்திரியும் ஒருவேளை கேட்பார், சவூதிக்காரன் சொன்னால் கேட்க மாட்டார், அட்டை சொன்னால் கேட்பார்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், போகப் போகப் பழகிவிடும் என்று புத்தி சொல்கிறவர்கள் அதிகம். எங்கள் மாதிரி வீடுகள் ஆம்பிளை இல்லாமலே ஓடப் பழகியவை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னையையெல்லாம் சாய்த்தபோது நான் ஜுபைலில் ஷட்டவுனில் இருந்தேன். விழுந்த மரத்தை அறுக்க ஆள் பிடித்தது, வி.ஏ.ஓ.விடம் கணக்குக் கொடுத்தது, திரும்பக் கன்று வைத்தது எல்லாம் என் மனைவி. அவளிடம் போய் இப்போது தேங்காய் வியாபாரியை மாற்றலாமே என்று நான் யோசனை சொன்னால் எப்படி இருக்கும்? காலேஜ் பீஸ் கட்ட வேண்டும் என்று மகள், நான் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொல்கிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஐமோ வீடியோ காலில் மணிக்கணக்காகப் பேசிய குடும்பம், நேரில் சாப்பாட்டு நேரத்தில் "இன்னும் கொஞ்சம் போடவா" என்பதோடு முடிந்துவிடுகிறது. இதில் யார் மேலும் வருத்தம் இல்லை, அவர்களுக்கு அவர்கள் ஓட்டம். ஒரு நாள் மனைவி சொன்னாள், "நீங்க காலையில எங்கயாவது வேலைக்குப் போனீங்கன்னாத்தான் சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்." எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் இதுதான் சரியானது. வேலை அமைந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

அங்கே இருந்துகொண்டு இதைப் படிக்கிற தம்பிகளுக்கும் சிலது. ஊர் சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் போட்டால் நம்பர் கையை விட்டுப் போகலாம், பேங்க், ஆதார் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும், அதை உயிரோடு வைத்திருங்கள். டிரைவிங் லைசென்ஸ் தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும், லீவில் வரும்போதே புதுப்பித்துவிடுங்கள். நிரந்தரமாக வந்த பிறகு என்.ஆர்.இ. கணக்கை, அதாவது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான பேங்க் கணக்கை, அப்படியே வைத்திருக்கக் கூடாது, பேங்கில் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், வட்டிக்கு வரி இல்லை என்பதெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் வரைதான். கிளம்புவதற்கு முன் சர்வீஸ் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்க வேண்டும் என்று சவூதிச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்புறம் இங்கே பேங்கில் கடன் கேட்டால் சிபில் ஸ்கோர், அதாவது பழைய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்கிற மார்க், பார்ப்பார்கள். எனக்கு ஸ்கோரே இல்லையாம், காரணம் நான் இதுவரை கடனே வாங்கியதில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த ஜனவரி 12 அன்று விழாச் செய்தி போடுவீர்கள் அல்லவா, மேடையில் இருக்கிறவர்களிடம் உங்கள் நிருபரை விட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: இந்த வருடம் இந்த மாவட்டத்துக்குத் திரும்பி வந்தவர்களில் வெல்டர் எத்தனை பேர், கிரேன் ஆபரேட்டர் எத்தனை பேர், சாரம் கட்டுகிறவர் எத்தனை பேர்? என்ன பதில் வருகிறதோ அதை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
சவூதியிலிருந்து திரும்பிய ஒருவன்,
பட்டுக்கோட்டை வட்டம்.

(பெயர் போட வேண்டாம், எங்கள் ஊர் மேஸ்திரிகளும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.)