ஆய்வாளர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை அவையில் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி இந்த ஆண்டின் மாதக் கூட்டங்கள் எல்லாம் ஒரே பொருளில் நடந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின ஆய்வாளர்கள் உடம்பும் மனசும் கெடாமல் பட்டத்தை முடிக்க, வேலையில் நிலைக்க, நினைத்ததை எழுத என்னென்ன ஏற்பாடுகள் செய்துகொண்டார்கள் என்பதே அந்தப் பொருள். 'நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று தொடக்கத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல, ஒன்றென்று யாரும் இங்கே பேசவுமில்லை. ஆனால் 1946இலேயே அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படிகளைக் கேட்டிருக்கிறார். டு பாய்ஸும் பதில் எழுதினார். முதல் தலைமுறை ஆய்வு மாணவர்களும் கௌரவ விரிவுரையாளர்களும் கூடிய இந்தச் சங்கம் கேட்பதும் அப்படி ஒரு படிதான்.

நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி, பல்கலைக்கழகங்களின் முழுநேர ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர். முழுப் பேராசிரியர் நிலைக்குப் போனால் 4 பேர். இவர்களிலும் கணிசமானோர் கறுப்பினத்தவருக்கென்றே தொடங்கப்பட்ட பழைய கல்லூரிகளில் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஒரு துறைக்கு ஒருவர் இருந்தாலே பெரிது.

ஆண்டு முழுவதும் அதிகம் விவாதிக்கப்பட்டது பெர்க்லி கதை. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் கொத்துக்கொத்தாகத் தோற்றார்கள். ஆர்வம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை என்று ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். அங்கே ஆய்வு மாணவராக இருந்த யூரி ட்ரைஸ்மன் (இவர் கறுப்பினத்தவர் அல்லர்) 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் பின்தொடர்ந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஆசிரியர்கள் சொன்னபடியே வாரம் 6 முதல் 8 மணி நேரம் படித்தார்கள், ஆனால் தனியாக. சீன மாணவர்கள் தனியாக 8 முதல் 10 மணி நேரம் படித்துவிட்டு, மாலையில் சேர்ந்து சாப்பிட்டு, விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவர் விடை மட்டும் வேறாக இருந்தால் அவர் தவறிழைத்திருக்கிறார். யாருக்குமே வரவில்லை என்றால் கணக்கு கடினமானது. தனியாகப் படிப்பவனுக்கு இந்த இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. கணக்கு வரவில்லை என்றால் 'எனக்கு மூளை இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறான்.

இதை வைத்து ட்ரைஸ்மன் 1978இல் தொடங்கிய பயிலரங்கின் சூட்சுமம் இதுதான்: 'பின்தங்கியோருக்கான துணைவகுப்பு' என்று பெயர் வைக்கவில்லை. சிறந்த மாணவர்களுக்கான சிறப்புத் திட்டம் என்றே அழைத்தார்கள். பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்காரவைத்தார்கள். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள், சேராதவர்களைவிட வெகுவாக முன்னேறினார்கள். நம் ஊரில் 'ஸ்லோ லேர்னர்' வகுப்பு என்று பலகை மாட்டிவிட்டு, ஏன் யாரும் வரவில்லை என்று கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இதற்குத் தொடர்ச்சியாக மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்ட்டி வளாகத்தில் ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டத்தையும் படித்தோம். முதல் அணியில் 19 கறுப்பின மாணவர்கள். கல்லூரி திறப்பதற்கு முன் ஆறு வாரக் கோடைப் பயிற்சி, முதலாண்டில் ஒரே விடுதி, சேர்ந்து படிக்கும்படி தொடர்ந்து வலியுறுத்தல். விருப்பப்பட்டால் வா என்று விடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இதையெல்லாம் வைத்து நாம் தொடங்கிய எழுத்து அமர்வுகள் இரண்டு குழுக்களாக நடக்கின்றன. முறை எளிது: குழுவுக்கு ஐந்து பேர், வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம். முதல் கால் மணியில் ஒவ்வொருவரும் போன வாரம் எழுதியதையும் இன்று எழுதப்போவதையும் சொல்ல வேண்டும். 'இரண்டாம் இயலைப் பார்க்கணும்' என்று சொன்னால் ஏற்பதில்லை. 'இரண்டாம் இயலில் மாதிரித் தேர்வு பற்றி இரண்டு பத்தி' என்றால் சரி. அடுத்த அரை மணி எழுத்து மட்டும், கைப்பேசி மேசைக்கு வெளியே. கடைசிக் கால் மணியில் எழுதியது எவ்வளவு, அடுத்த வாரம் என்ன என்பது.

எங்கே சறுக்குகிறது என்பதையும் பதிவு செய்கிறேன். ஆறு பேருக்கு மேல் போனால் முதல் சுற்றே அரை மணியைத் தின்றுவிடுகிறது. நெறியாளரைப் பற்றிய புலம்பல் தொடங்கினால் அன்றைக்கு எழுத்து கிடையாது. புலம்பலைத் தடுக்கவும் கூடாது, அதுவும் தேவைதான். அதனால் அதை அமர்வு முடிந்தபின் டீக்கடைக்கு மாற்றினோம். ஒரே நெறியாளரின் மாணவர்கள் இருவர் ஒரு குழுவில் இருந்தால் இருவருமே வாயைத் திறப்பதில்லை, பேச்சு எங்கே போய்ச் சேரும் என்ற பயம்தான் காரணம். ஆகவே இனி அப்படி அமர்த்துவதில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் அமர்விலேயே வாசிப்பதையும் நிறுத்தினோம், அது ஐந்து நிமிடத்தில் ஒற்றுப்பிழை திருத்தமாகிவிடுகிறது. முக்கியமானது, இரண்டு வாரம் ஒன்றும் எழுதாதவர் வெட்கப்பட்டு வராமலேயே போய்விடுவார். 'எழுதாவிட்டாலும் வா' என்பதை முதல் விதியாக அச்சடித்து ஒட்டிய பிறகே வருகை நிலைத்தது.

சமூகவியலாளர் கெரி ஆன் ராக்மோர் இளம் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் ஞாயிற்றுக்கிழமைத் திட்டமிடலும் பலருக்குப் பயன்பட்டது. அரை மணி நேரம் உட்கார்ந்து வாரத்தின் எல்லா வேலைகளையும் எழுதுவது. பிறகு ஒவ்வொன்றையும் நாட்காட்டியில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பொருத்துவது. தினமும் குறைந்தது அரை மணி எழுத்து முதலில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பாதி வேலைக்கு இடமிருக்காது. எதை விடுவது, யாரிடம் கொடுப்பது, எதை ஏனோதானோவென்று முடித்தால் போதும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிடுவது. ஒரே குருவிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்காதே, எழுத்துக்கு ஒருவர், நிதிக்கு ஒருவர், மனத்தாங்கலுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள் என்பதும் அவர் சொல்வதுதான். நெறியாளரே தாயும் தந்தையும் என்று வளர்ந்த நம்மவர்களுக்கு இது இறங்கச் சற்று நேரமாயிற்று.

உடல்நலக் கூட்டம் ஜான் ஹென்றி மார்ட்டினைப் பற்றியது. வட கரோலினாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினத்தவர். கடன் வாங்கி 75 ஏக்கர் நிலம் வாங்கினார். 40 ஆண்டுகளில் அடைக்க வேண்டிய கடனை இரவு பகலாக உழைத்து 5 ஆண்டுகளில் அடைத்தார். ஐம்பதுகளில் உயர் ரத்த அழுத்தம், மூட்டுவலி, வயிற்றுப்புண். புண் முற்றி, வயிற்றில் நூற்றுக்கு நாற்பது பங்கை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அவரைச் சந்தித்த தொற்றுநோயியலாளர் ஷெர்மன் ஜேம்ஸ் இதிலிருந்தே 'ஜான் ஹென்றியிசம்' என்ற கருத்தை உருவாக்கினார். கையில் வசதி குறைவாக இருக்கும்போது தடைகளை முயற்சியால் மட்டுமே வெல்லப் பார்ப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும் போக்கை அவர் ஆய்வு காட்டியது. 'இரண்டு மடங்கு உழைத்தால்தான் பாதியாவது கிடைக்கும்' என்று கறுப்பினக் குடும்பங்களில் சொல்லிச் சொல்லி வளர்ப்பார்கள். நம் வீடுகளில் 'முயற்சி திருவினையாக்கும்'. குறளில் குறையில்லை, ஆனால் முயல்பவரின் அழுத்த அளவை யாரும் கேட்பதில்லை.

அந்தக் கூட்டத்தின் விளைவாகச் சங்கம் ஒரு மின்னணு ரத்த அழுத்தமானி வாங்கியது. பயன்படுத்தும் முறை அதன் பெட்டியிலேயே ஒட்டப்பட்டுள்ளது: பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, பேசாமல் உட்கார வேண்டும். பட்டை சட்டைக் கையின் மேல் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரி குறிக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், மாடிப்படி ஏறிவந்த கையோடு பார்த்தாலும் அப்படியே. தொடர்ந்து 140/90ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போகவும், சங்கத்தில் யாரும் மருந்து சொல்ல வேண்டாம்.

அமாடோ பாடியா 1994இல் 'பண்பாட்டு வரி' என்று பெயரிட்ட சுமையையும் பேசினோம். துறையில் ஒரே கறுப்பினப் பேராசிரியர் என்றால் எல்லாக் குழுவிலும் அவர் பெயர் இருக்கும், தவிக்கும் மாணவர்கள் எல்லாரும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். பணி நிரந்தரம் வரும்போது இதில் ஒன்றும் கணக்கில் சேராது. இதற்குக் கைவசமுள்ள மருந்து பதிவேடுதான்: தேதி, வேலை, யார் கேட்டது, எத்தனை மணி நேரம். கேட்டவுடன் சரி சொல்லாமல் ஒரு நாள் தள்ளிப் பதில் சொல்வது இரண்டாவது. விழா மேடை, வரவேற்புக் குழு, புகைப்படக் கண்காட்சி என்று நம் உறுப்பினர்கள் சிலர் ஏட்டைத் திறந்து கூட்டிப் பார்த்து வாயடைத்துப் போனார்கள்.

நினைத்ததைச் சொந்தக் குரலில் எழுதுவது பற்றிய கூட்டத்தில் இரண்டு ஆய்வுகள் முன்வைக்கப்பட்டன. 2011இல் கிந்தரும் சகாக்களும் வெளியிட்டபடி, கல்வி, வெளியீடு போன்றவற்றைச் சமன்செய்து பார்த்த பிறகும் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் நிதி கறுப்பின விண்ணப்பதாரர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டுப் புள்ளி குறைவு. 2019 ஆய்வு அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்புத் தேர்வைச் சார்ந்தது என்றது. சமூக அளவிலான, மக்களை நேரில் சார்ந்த தலைப்புகளுக்கு நிதி குறைவு. 'உன் ஆட்களைப் பற்றி எழுதாதே, பொதுவாக எழுது' என்ற அறிவுரையின் பின்னால் பணமும் இருக்கிறது. 2017இல் மானிடவியலாளர் கிறிஸ்டன் ஸ்மித் தொடங்கிய 'கறுப்பினப் பெண்களை மேற்கோள் காட்டுங்கள்' இயக்கத்தின் வழியில், உறுப்பினர்கள் தங்கள் துணைநூற்பட்டியலை எடுத்து யார் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் அடிக்குறிப்போடு நின்றுவிட்டது என்று குறித்துவந்தார்கள். இது தொடரும்.

டெக்சாஸில் 2024 ஜனவரி 1 முதல் அமலான சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களில் கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினருக்குத் துணைநின்ற பன்மைத்துவ அலுவலகங்களை மூடவைத்தது. மாணவர் அமைப்புகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அலுவலகம் தந்த அறையும் பணமும் போய்விட்டன. கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. உட்சன் 1915இல் சிகாகோவில் கறுப்பின வரலாற்றுக்கென ஒரு சங்கம் தொடங்கி, அடுத்த ஆண்டே கைப்பணம் போட்டு இதழ் நடத்தியதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தத் துறையிடமும் அறை கேட்காமல் நாம் சந்தாவில் ஓடுவது சிரமம்தான், ஆனாலும் அதை மாற்ற வேண்டாம் என்பது செயற்குழுவின் கருத்து.

கணக்கு தணிக்கை செய்யப்பட்டு இணைப்பில் உள்ளது, பொருளாளர் தனியே வாசிப்பார். பெரிய செலவு அழுத்தமானியும் அச்சுத்தாளும்தான். வேலையில்லாத உறுப்பினர்களுக்குப் பாதிச் சந்தா என்பது தொடர்கிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, 'ஒரே நெறியாளரின் மாணவர்கள் ஒரு குழுவில் வேண்டாம்' என்பதைத் துணைவிதியாகச் சேர்ப்பது. மற்றொன்று, ஜூனில் தொடங்கும் மூன்றாம் எழுத்துக் குழுவுக்கு இடம். சனிக்கிழமை காலை 7 முதல் 8 வரை, ஐந்து நாற்காலியும் ஒரு மின்விசிறியும் உள்ள அறை போதும். வீட்டில் இடம் தர இயலும் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்