ஆரல்வாய்மொழி நண்பனுக்கு

திருவொற்றியூர்,
சென்னை.

அன்புள்ள செல்லத்துரை,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வர முடியாமல் போனதற்கு என் மனைவியின் முட்டிவலிதான் காரணம். இப்போது தேவலை, படியேறுகிறாள்.

"உங்கள் ஊர் ஏ.சி. எல்லாம் எங்கள் ஊர்க் காற்றில்தான் ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறாய். ஆடி மாதம் உங்கள் ஊர்க் காற்றாலைகள் சுழலும்போது நீ இப்படிப் பேசினால் வாயை மூடிக்கொள்வேன். சித்திரையில் பேசாதே. தமிழ்நாட்டின் மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது 2024 மே 2 அன்று. உங்கள் கணவாயில் காற்று வலுப்பதற்கு முன்பே இங்கே வெயில் மண்டையைப் பிளந்துவிடுகிறது. பகலில் சூரிய மின்சாரம் ஓரளவு தாங்குகிறது. பொழுது சாய்ந்த பிறகும் ஏ.சி. ஓடத்தானே செய்கிறது? அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் நிலக்கரிதான் கதி.

அந்த நிலக்கரிக்குப் பக்கத்தில்தான் நான் குடியிருக்கிறேன். ஒடிசாவில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்குகிறார்கள். பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-இல் மூடினார்கள். 2024 மார்ச்சில் அத்திப்பட்டுப் பக்கம் 800 மெகாவாட்டில் புதிய அலகைத் திறந்தார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரி எரிகிறது. எரிந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது; மற்றது புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீரோடும் வீணாகப் போகிறது. சாம்பல் எங்கே போகிறது என்று கொசஸ்தலையாற்று மீனவர்களைக் கேள், விடிய விடியச் சொல்வார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். பேச்சு சோலார் பற்றி. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. வடாம் காயவைக்க இடம் போய்விடும் என்றார் ஒரு மாமி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் என்றார் இன்னொருவர், யாருடைய மீட்டரில் கழிப்பது என்று மூன்றாமவர். நான் மின்விசிறியைப் பற்றிப் பேசினேன். சிரித்தார்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது, பி.எல்.டி.சி. என்கிற தூரிகையில்லா மோட்டார் வகை 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒரு நாளில் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு மின்விசிறிக்கே 40 யூனிட் மிச்சம். வீட்டுக்கு மூன்று என்று வை, 120 யூனிட். அதில் பெரும்பகுதி பேனலால் முடியாத இரவு நேரத்து மிச்சம்! கணக்கைச் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. பேனல் விவகாரம் மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று, எதிர்பார்த்ததுதான்.

உன் நிலைமை வேறு. சொந்த வீடு, நிழல் இல்லாத மாடி. மூன்று கிலோவாட் போட்டால் மத்திய அரசின் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் வரை கிடைக்கலாம். ஆனால் நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அவ்வளவு தேவையா? முதல் நூறு யூனிட்தான் இலவசமாயிற்றே. மின்கட்டண அட்டையை எடுத்து ஓராண்டுக் கணக்கைக் கூட்டிப் பார். முதலில் அந்தக் கிழட்டு ஃபிரிட்ஜை மாற்று. அதன் பிறகும் கட்டணம் கடித்தால் பேனல் போடு, இரண்டு கிலோவாட்டே போதும் என்று எனக்குப் படுகிறது. விற்க வருகிறவன் மூன்றுதான் வேண்டும் என்பான், மயங்காதே.

புரட்டாசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். இங்கே மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன, ஒரு சுற்றுப் போய் வருவோம். அதுவும் நிலக்கரியில்தானே ஓடுகிறது என்று குத்திக்காட்டுவாய். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம். வரும்போது மட்டிப்பழம் கொண்டு வா, இங்கே நல்லது கிடைப்பதில்லை.

அன்புடன்,
சுந்தரம்