சத்தம் போடாத பெட்டி

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. நான் புதுக் கணினி வாங்கிய செய்தியை நம் வாத்தியார் இதற்குள் உன்னிடம் போட்டுக்கொடுத்திருப்பார்.

சோமனூரில் தறிச் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவனுக்குச் சத்தமில்லாத கணினி ஒரு கேடா என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்யும் வேலையை, சுற்றியுள்ள தறிகளெல்லாம் நின்ற பிறகு இரவில்தான் செய்கிறேன். பழைய பெட்டியின் இரைச்சல் நான் வாசித்த ஒவ்வொரு வரிக்கு அடியிலும் பதிந்து கிடந்தது. திறந்து பார்த்தால், வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளின்மேல் பஞ்சு படிந்து, நகத்தால் உரித்தபோது துணித் துண்டு போலவே கையோடு வந்தது.

காந்திபுரத்துக் கடைக்காரர், மாரியம்மன் நோம்பிப் பந்தலைப் போல மின்னும் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காட்டி, “சார், இதுதான் சைலண்ட்” என்று சாதித்தார். முகப்பை முழுக்கக் கண்ணாடியால் அடைத்துவிட்டால் காற்று எந்த வழியாக உள்ளே போகும் என்று கேட்டதற்கு, விளக்கின் நிறத்தை மாற்றிக் காட்டினார்!

சத்தத்தை அடக்க வேண்டுமானால் முதலில் சூட்டைக் குறைக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆகவே 65 வாட் என்று குறித்திருக்கும் ரைசன் 5 5600ஜி ப்ராசசரை வாங்கி, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடத்தில்) 45 வாட்டுக்கு இறக்கிவைத்தேன்; கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருப்பதால் தனி கார்டும் அதன் விசிறிகளும் தேவைப்படவில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்குக்குப் பதில், அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி. ப்ராசசரோடு வந்த சிறு விசிறியை ஒதுக்கிவிட்டு, 120 மி.மீ. விசிறி பூட்டிய உயரமான கூலரைப் பொருத்தினேன். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும். வேகம் அடிக்கடி ஏறி இறங்காதபடியும் பயாஸில் அமைத்திருக்கிறேன், ஏனெனில் ஒலிப்பதிவைக் கெடுப்பது சீரான சத்தத்தைவிட மாறிக்கொண்டே இருக்கும் சத்தம்தான்.

விசிறியே இல்லாத நாக்டுவா என்எச்-பி1 கூலரை வாங்கச் சொல்லி எழுதியிருந்தாய். 20 டிகிரி அறையில் உட்கார்ந்து அதைப் புகழ்கிறவர்களுக்கு நம் சித்திரை மாதம் தெரியாது. இங்கே அறையே 38 டிகிரி என்றால், 95 டிகிரியை உச்சவரம்பாகக் கொண்ட ப்ராசசருக்கு 18 டிகிரி தொடக்கத்திலேயே பறிபோய்விடுகிறது. மெல்லச் சுழலும் பெரிய விசிறியும், ஞாயிறுதோறும் கழுவிக் காயவைக்கும், பஞ்சைத் தடுக்கும் முகப்பு வலையும் நமக்குப் போதும்.

இதையெல்லாம் முடித்து மார்தட்டிக்கொண்டிருந்த வேளையில், மகள் வந்து, “அப்பா, இது விசில் அடிக்கிறதே” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பதிவு செய்து, கூர்மையான ஒலிகளை மேலேயும் கனத்த ஒலிகளைக் கீழேயும் வரைந்து காட்டும் ஒலிப்படத்தைப் பார்த்தேன். மேல்பகுதியில் மெல்லிய கோடு ஒன்று நேராக ஓடியது. மின்சுருள் அதிர்வதால் எழும் ஓசையாம் அது.

என் அப்பாவின் காது தறிக்கூடத்தில் எப்படிப் போயிற்று என்பது உனக்குத் தெரியும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று நம் தொழிற்சாலை விதி வரம்பு வைத்திருக்கிறது. தறிக்கூடங்களில் அதைத் தாண்டுவது வழக்கம். அந்தச் சத்தம் முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகளைத்தான் காதிலிருந்து பறிக்கிறது, பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் பறிபோனது நெடுநாள் தெரிவதில்லை. எனக்கு வயதும் ஆகிறது என்பது உண்மைதான். ஆனால் பள்ளி விடுமுறைகளில் அதே கூடத்தில் நாடாவுக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டு நின்றவர்கள் நாம் இருவரும்.

அடுத்த வாரம் கோவையில் காதுப் பரிசோதனைக்குப் போகிறேன். சாக்குச் சொல்லாமல் நீயும் வா. உன்னிடம் உபரியாகக் கிடக்கும் பவர் சப்ளையையும் எடுத்து வந்தால், விசில் என்னுடையதிலிருந்து வருகிறதா, மதர்போர்டிலிருந்து வருகிறதா என்று மாற்றிப் பார்த்துவிடலாம். கேட்டுச் சொல்வதற்கு மகள் இருக்கிறாள்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை