ஜப்பானுக்குப் புறப்படும் முன்

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். நீயும் கவிதாவும் யாழினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மார்ச் கடைசியில் ஜப்பான் போவதென்று முடிவு செய்து, எடுத்துப்போக வேண்டிய பொருள்களின் பட்டியலை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். இருவரும் நிதானமாகப் படித்தோம். கேமரா லென்ஸுகள், ஆளுக்கு இரண்டு குளிர்கோட்டு, கெட்டில், இஸ்திரிப்பெட்டி என்று பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய். மருந்து மட்டும் கடைசி வரியில் ஒற்றைச் சொல்லாக நிற்கிறது. அங்கே எந்தத் தெருமுனையிலும் வாங்கிக்கொள்ளக் கூடியவற்றை இங்கிருந்து சுமந்துகொண்டு, அங்கே எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காதவற்றைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைப்பது பெரும்பாலான பயணிகளின் வழக்கம். போன ஆண்டு நாங்கள் குழுவோடு போய்வந்தபோது இதைக் கண்கூடாகப் பார்த்ததால், உன் பட்டியலைக் கீழிருந்து மேலாகத் திருப்பிச் சில விஷயங்களை எழுதுகிறேன்.

விசாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை நுழைவதற்கான விசாவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதால் இப்போதே ஓட வேண்டாம். பொங்கல் முடிந்ததும் வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, நாள்வாரிப் பயணத் திட்டம் ஆகியவற்றோடு, விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் விண்ணப்பித்தால் சரியாக இருக்கும். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள். 2024 ஏப்ரல் முதல் இந்தியாவில் வசிப்பவர்களுக்குக் கொடுக்கும் மின்விசாவை, விமான நிலையத்தில் இணைய இணைப்போடு கைபேசியில் திறந்துதான் காட்ட வேண்டும். அச்சிட்ட தாள், பி.டி.எஃப்., ஸ்கிரீன்ஷாட் எதுவும் செல்லாது. எதற்கும் நான்கு நகல் எடுத்து ஃபைலில் வைத்துப் பழகிய உன் அப்பாவுக்கு இது இன்னும் செரிக்கவில்லை. ஆகவே கைபேசியில் சார்ஜும், இறங்கியவுடன் வேலை செய்யக்கூடிய ரோமிங்கோ இ-சிம்மோ இருக்கிறதா என்று பார்ப்பதும் விசா வேலையில் ஒரு பகுதிதான். குடியேற்றம், சுங்கம் இரண்டுக்குமான படிவங்களை ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் வீட்டிலிருந்தே நிரப்பிவிட்டால், அங்கே கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

இனி மருந்து. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. நம் ஊரில் சளிக்கும் மூக்கடைப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் கலந்திருக்கும். அது 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் எந்த மருந்தையும் ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது, மருத்துவர் சீட்டு இருந்தாலும் கூடாது. அதிலிருந்து மெத்தாம்பெட்டமின் என்னும் போதைப்பொருளைத் தயாரிக்க முடியும் என்பதே காரணம். அதற்கு நெருங்கிய உறவான எபெட்ரினை 1885-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்த நாகாய் நாகயோஷியும் ஜப்பானியர்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தப் போதையால் பெரிதும் அவதிப்பட்டு, 1951-இலேயே அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த நாடும் அதுதான். அந்த அனுபவத்தைத் தெரிந்துகொண்டால் அவர்களுடைய கண்டிப்பு மிகையாகத் தோன்றாது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் வரம்பு உண்டு. அலமாரியில் பழைய புட்டி ஏதேனும் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மற்ற மருந்துகளைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு உரிய அளவு வரை முன்னனுமதி இல்லாமல் எடுத்துப்போகலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் ‘யுன்யு ககுனின்-ஷோ’ என்ற இறக்குமதி உறுதிச் சான்றிதழைப் புறப்படுவதற்கு முன்பே விண்ணப்பித்துப் பெற வேண்டும். உங்களுக்கு அந்தத் தேவை வராது. ஆனால் உன் இரத்த அழுத்த மாத்திரை, கவிதாவின் தைராய்டு மாத்திரை, யாழினியின் இன்ஹேலர் மூன்றுக்கும் தட்டச்சு செய்த ஆங்கிலச் சீட்டு வேண்டும். அதில் கம்பெனிப் பெயரோடு நில்லாமல் மருந்தின் பொதுப்பெயரும் இருக்க வேண்டும். நம் ஊர்க் கம்பெனிப் பெயர்கள் அங்குள்ள மருத்துவருக்கு ஒன்றும் சொல்லா. பாராசிட்டமாலைக்கூட அங்கே அசிட்டமினோஃபென் என்றுதான் கேட்க வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து எடுத்து நாள்வாரி டப்பாவில் அடைத்துக்கொண்டு போகாதே. அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கும் மூலையைக் கடைசி வரை கிழிக்காமல், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட வேண்டும். இதை வீட்டிலும் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. பாதி மருந்து உன் கைப்பையில், பாதி கவிதாவின் கைப்பையில். இன்ஹேலர் மட்டும் விமானத்தில் யாழினியின் இருக்கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மாற்றுக்கு இன்னொன்றும் வேண்டும். இந்திய மருத்துவரின் சீட்டைக் காட்டி ஜப்பானியக் கடையில் மருந்து வாங்க முடியாது. அங்குள்ள மருத்துவரைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்கான செலவை நினைத்தால் பயணக் காப்பீட்டில் ஐந்நூறு ஆயிரம் மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாலிசியை எடுக்கும்போது உன் இரத்த அழுத்தத்தையும் குழந்தையின் வீசிங்கையும் மறைக்காமல் எழுது; ஏற்கெனவே இருக்கும் நோயை மறைத்த பாலிசி, தேவைப்படும் நேரத்தில் வெறும் காகிதம்.

அடுத்தது சாப்பாடு. நீ எதையும் சாப்பிட்டுவிடுவாய். கவிதாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ், வெறும் மிசோ (சோயா விழுது) சூப், டோஃபு (சோயாப் பனீர்) என்று பார்வைக்குச் சைவமாகத் தெரியும் பலவற்றிலும் ‘தாஷி’ என்ற சாறு இருக்கும். உலர்த்திப் புகையூட்டிய சூரை வகை மீனைச் சீவிக் கொதிக்கவைத்து இறுத்த சாறு அது. சமைப்பவருக்கு அது உப்பு புளி மாதிரி அடிப்படைப் பொருள் என்பதால், “மீன் இருக்கிறதா” என்று கேட்டால் இல்லையென்றே நேர்மையாகச் சொல்வார். ஆகவே இறைச்சியும் மீனும் மீன் சாறும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு சீட்டைக் கைபேசியிலும் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். புத்த மடங்களின் வழிவந்த ‘ஷோஜின் ரியோரி’ சமையல் சைவமானது. கியோட்டோவில் ஒரு வேளையாவது முன்பதிவு செய்து அதைச் சாப்பிட்டுப் பாருங்கள், விலை கூடுதல்தான். டோக்கியோவில் நம் நாட்டவர் நிறையப் பேர் வசிக்கும் நிஷி-கசாய் பகுதியில் இந்திய உணவகங்கள் உண்டு. இட்லி தோசை கிடைக்கிறதே என்று தினமும் அங்கே போய் நிற்பதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. குழந்தை முகம் சுளிக்கும் ஒரு நாளைக்கு அது இருக்கட்டும்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா ஆகியவற்றை நான் செய்து அனுப்புகிறேன். வெள்ளைச் சோறும் இனிப்பில்லாத தயிரும் அங்குள்ள கன்வீனியன்ஸ் கடைகளில் கிடைக்கும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், மிளகாய் எதையும் பெட்டியில் வைக்காதே; பதப்படுத்தாத காய், பழம், இலைகளுக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். உனக்குப் பிடித்த கறி ஊறுகாய்க்கு இன்னும் கடுமை. எந்த வடிவத்திலும் இறைச்சிப் பண்டம் கூடாது, பிடிபட்டால் அபராதம் மிகப் பெரியது. சுங்கப் படிவத்தில் உணவுப் பொருளை உள்ளபடி எழுதிவிடு.

கெட்டிலையும் இஸ்திரிப்பெட்டியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் கெட்டிலை அதில் செருகினால் அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள் யாழினி தூங்கிவிடுவாள். பெரும்பாலான ஹோட்டல் அறைகளில் கெட்டில் இருக்கும். கைபேசி, லேப்டாப் சார்ஜர்களில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை, இரண்டு தட்டைக் கம்பி உள்ள பிளக்குக்கான அடாப்டர் மட்டும் போதும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

பணத்தில் ஒரு பகுதியை யென் நோட்டாகவே வைத்துக்கொள். சிறு உணவகங்களிலும் கோயில்களிலும் கார்டு செல்லாத இடங்கள் இன்னும் உண்டு. மற்றபடி 7-இலெவன் கடைகளில் இருக்கும் ஏ.டி.எம்.களில் வெளிநாட்டுக் கார்டில் பணம் எடுக்கலாம். அதற்கு உன் கார்டில் சர்வதேசப் பயன்பாட்டை இங்கேயே வங்கிச் செயலியில் திறந்துவைக்க வேண்டும். ஓ.டி.பி. வருவதற்காக இந்திய சிம்மைக் கழற்றிவிடாதே. உணவகத்தில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

ரயில்களில் பயணம் செய்வதற்கான ஜே.ஆர். பாஸ் வாங்க வேண்டுமென்று எழுதியிருக்கிறாய். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலின் கட்டணம் ஒரு வழிக்கு ஏறத்தாழ 14,000 யென். போய்த் திரும்புவது மட்டுமே உன் திட்டமென்றால் பாஸ் நஷ்டம். நகருக்குள் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் முன்பணம் போட்டுவைக்கும் சுயிக்கா கார்டு போதும், யாழினிக்குப் பாதிக் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டியை ஷின்கான்சென்னில் ஏற்ற வேண்டுமானால் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதைவிட, பெரிய பெட்டியை ஹோட்டலிலிருந்து ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிடுவது எளிது, பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும். எங்கள் குழுவில் குழந்தையோடு வந்த ஒரு தம்பதி, படிக்கட்டு மட்டுமே உள்ள ஒரு வாசலில் இரண்டு பெட்டியோடு நின்ற கோலத்தைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

குளிர்கோட்டு ஆளுக்கு ஒன்று போதும். மார்ச் கடைசியில் காலையும் இரவும்தான் குளிரும். அடிக்கடி செருப்பைக் கழற்ற வேண்டியிருப்பதால் ஓட்டையில்லாத காலுறை எடுத்துக்கொள். பொதுக் கழிப்பறைகளில் கை துடைக்கப் பல இடங்களில் ஒன்றும் இருக்காது, கைக்குட்டை வேண்டும். தெருவில் குப்பைத்தொட்டி அரிது, பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை வைத்துக்கொள். பாஸ்போர்ட்டை ஹோட்டல் அறையில் பூட்டிவிட்டுப் போகாதே. வெளிநாட்டவர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நிலநடுக்க எச்சரிக்கைக்காக ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலியை இங்கேயே இறக்கிக்கொள். காவல் துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. இரண்டையும் யாழினிக்கும் சொல்லிக்கொடு.

மூன்று பேருடைய மருந்துச் சீட்டுகளையும், வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தையும் படம் எடுத்து இந்த வாரமே எனக்கு அனுப்பு. பொதுப்பெயர்களை எழுதி நான் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் மருத்துவரிடம் கொடுத்துக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள். சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று கவிதாவைச் சரிபார்க்கச் சொல், நீ அவசரக்காரன்.

அன்புடன்,
அம்மா